சுத்துதா, சுத்தலையா?

சர்வீஸ் சென்டரில் கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தம்பி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான். "என்ன கம்ப்ளெயிண்ட் சார்?"

"சில நேரம் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

"ஸ்டார்ட்டிங் டிரபிள்" என்று தட்டிக்கொண்டான். சாவியை வாங்கினான். ஸ்டெப்னி இருக்கிறதா, பெட்ரோல் எவ்வளவு, எங்கே கீறல் என்றெல்லாம் சுற்றிவந்து குறித்தான். சாயங்காலம் போன் வந்தது. "காலையிலேர்ந்து இருபது தடவைக்கு மேல போட்டுப் பார்த்தாச்சு சார். ஒரு தடவைகூட மக்கர் பண்ணலை. ஸ்கேனர்லயும் எரர் எதுவும் காட்டலை." மரியாதையாகத்தான் பேசினான். ஆனாலும் அந்தக் குரலில் ஒரு சந்தேகம் இருந்தது. அது வண்டி மேல் அல்ல, என் மேல்.

வண்டியை எடுத்துக்கொண்டு வரும் வழியெல்லாம் யோசித்தேன். அவன் கேட்ட கேள்விகளில் ஒன்று குறைந்தது. கோவில்பட்டியில் ரைஸ் மில் சந்தில் வேப்பமரத்தடியில் வயரிங் கடை வைத்திருந்த அண்ணாச்சி, ஆள் சைக்கிளை ஸ்டாண்டு போடுவதற்குள்ளேயே அதைக் கேட்டுவிடுவார்.

"சுத்துதா, சுத்தலையா?"

சாவியைத் திருப்பும்போது செல்ஃப் இன்ஜினைச் சுற்றுகிறதா, இல்லையா? சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் எரிபொருள், தீப்பொறி, காற்று என்று ஒரு பக்கம் போக வேண்டும். சுற்றவே இல்லை என்றால் பேட்டரி, கம்பி, சுவிட்ச், செல்ஃப் மோட்டார் என்று இன்னொரு பக்கம். அண்ணாச்சி சொல்வார்: "ஒண்ணு ஆளு எந்திரிச்சிட்டான், சோறு எறங்கலை. இன்னொண்ணு ஆளே எந்திரிக்கலை. ரெண்டுக்கும் ஒரே மாத்திரயக் குடுத்தா எப்படி?" எதிர்ப்பக்கம் நிற்கிறவர் யோசித்து, "வண்டி எடுக்கலை அண்ணாச்சி" என்று மறுபடியும் சொன்னால், "அது எனக்குத் தெரியும். எடுத்திருந்தா நீரு எங்கிட்ட ஏன் வாரீரு?" என்பார்.

1994இல் அப்பாவும் அவர் முன்னால் அப்படித்தான் நின்றார். எங்களிடம் ஒரு 12 சீட் டீசல் வேன் இருந்தது. கல்யாணம், காது குத்து, திருச்செந்தூர், சங்கரன்கோவில் ஆடித்தபசு, சாத்தூர் பக்கம் இருக்கன்குடி என்று வாடகைக்குப் போகும். வீட்டில் சோறு அதிலிருந்துதான். அந்த வேன் 10 நாள் ஒழுங்காக ஓடும், 11ஆம் நாள் காலையில் சாவியைத் திருப்பினால் உள்ளே எங்கேயோ ஒரு 'டிக்'. அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் மறுபடி 'டிக்'. நாலு பேர் தள்ளினால் உடனே பிடித்துக்கொள்ளும். பிடித்துவிட்டால் நாள் முழுக்க ஒரு குறையும் சொல்ல முடியாது. பட்டறைக்குக் கொண்டுபோனால் பொண்ணு பார்க்க வந்த வீட்டில் பையன் உட்கார்ந்திருப்பதுபோல அவ்வளவு ஒழுக்கமாக இருக்கும்.

அந்தக் காலத்தில் அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. எங்கே போனாலும் இறக்கம் பார்த்து நிறுத்துவார். கரிசல் பூமியில் இறக்கம் எங்கே கிடைக்கும்? கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தோசைக்கல் மாதிரி கிடக்கிற காடு. ஆனால் அப்பா கண்டுபிடித்து வைத்திருந்தார். கண்மாய்க்கரை ஏறி இறங்கும் இடம், ஓடைப்பாலத்தின் இரண்டு பக்கம், பருத்திக் குடோனுக்கு முன்னால் லாரி ஏற்றுவதற்குப் போட்ட சரிவு, எட்டயபுரம் போகிற வழியில் ரோடு கொஞ்சம் குனியும் ஒரு இடம். மற்ற டிரைவர்கள் நிழல் பார்த்து நிறுத்துவார்கள். அப்பா வெயிலில் நிறுத்திவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, அரைக் கிலோமீட்டர் நடந்து வந்து மரத்தடியில் உட்காருவார். "ஏம்ப்பா, இங்கனயே நிறுத்த வேண்டியதுதான?" என்று யாராவது கேட்டால், "அங்கன காத்து நல்லாருக்கு" என்பார். இப்போதும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது என் கண் அந்த இடங்களில் நின்று நின்றுதான் போகிறது. எங்கள் ஊரின் மேடு பள்ளம் எனக்குப் புவியியல் பாடத்தில் தெரிந்ததல்ல.

கழுகுமலையில் ஒரு முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு போனோம். நானும் கிளீனர் என்ற பெயரில் போயிருந்தேன். வழியில் ஒரு பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளை விழுந்து கும்பிட்டு விடலை போட வேண்டும் என்று நிறுத்தச் சொன்னார்கள். அப்பா இன்ஜினை ஓடவிட்டுத்தான் இறங்கினார். பெரியவர் ஒருவர், "சாமி முன்னால என்னத்துக்கு இந்தப் புகை, அமத்தும்" என்றார். அப்பா அமர்த்தினார். அமர்த்தும்போது அவர் கண் என்னைப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தேங்காய் உடைந்தது. எல்லோரும் ஏறினார்கள். 'டிக்'.

முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. பெண்கள் இறங்கவில்லை, பட்டுச்சேலை. ஆண்கள் இறங்கினார்கள். கடைசியில் ஆள் பற்றாமல் மாப்பிள்ளையும் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாலையைத் தங்கச்சியிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, பின்கதவில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினார். அப்பா சாவியைப் போட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை மிதித்துக்கொண்டு, வேகம் வந்ததும் விட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கிக் கரும்புகையாகத் துப்பிப் பிடித்துக்கொண்டது. கழுகாசலமூர்த்தி கோயில் வாசலில் வேன் நின்றதும் பின்னால் வந்து பார்த்தேன். தூசி படிந்த கதவில் இரண்டு சந்தனக் கை. விரல் இடுக்கு, ரேகை எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அப்பா ஒரு வாரம் அதைக் கழுவவிடவில்லை. மங்கலம் என்றார். பாதி வாடகைதான் கொடுத்தார்கள்.

அன்றைக்கு வண்டியை அமர்த்தாமல் அப்பா காவல் இருக்க, நான் மட்டும் மலைமேல் ஏறி வெட்டுவான் கோயிலைப் பார்த்தேன். ஒரே பாறையை மேலிருந்து கீழே குடைந்துகொண்டே வந்து, பாதியில் விட்டுப் போன கோயில். பாண்டியர் காலத்து வேலை. ஏன் விட்டார்கள் என்று வாத்தியார் ஒரு கதை சொல்லியிருந்தார். எனக்கு அந்த நேரம் கதை எதுவும் மனசில் ஒட்டவில்லை. கீழே வேன் ஓடும் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று ஒரு காது அங்கேயே இருந்தது.

வேனுக்கு யார் யாரோ வைத்தியம் பார்த்தார்கள். முதலில் பேட்டரி. பழையது வீக் என்று சொல்லிப் புதிது போட்டோம். பிரச்சினை தீர்ந்தது. 16 நாள். பிறகு செல்ஃபைக் கழற்றினார்கள். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது, புஷ் ஆடியது, ஆர்மேச்சரில் உப்புத்தாள் போட்டுத் துடைத்து மாட்டினார்கள். தீர்ந்தது. 14 நாள். சோலினாய்டு மாற்றினார்கள். 17 நாள். சாவி சுவிட்ச் மாற்றினார்கள். மறுநாள் காலையே 'டிக்'. இதற்கு நடுவில் அம்மா முச்சந்தியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பானட்டைத் திறந்து இன்ஜினுக்கு விபூதி பூசி, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து உள்ளே கட்டி, பானட்டை ஓங்கி அடித்துச் சாத்தினாள். அன்றைக்கே எடுத்தது. அம்மாவின் கம்மல் அதற்கு முன்னாலேயே அடகுக் கடைக்குப் போயிருந்தது. ஆக மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் செலவு. அம்மா வைத்தியம் ஒன்றுதான் சல்லிசு.

விட்டு விட்டு வரும் கோளாறுக்கு ஒரு குணம் உண்டு. கடைசியாக யார் கை வைத்தாரோ அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிடும். பேட்டரிக் கடைக்காரர் அப்பாவிடம், "நான் அப்பவே சொன்னேம்லா" என்றார். செல்ஃப் மெக்கானிக் தன் கடைக்கு வந்தவர்களிடம் எங்கள் வேனை உதாரணம் காட்டினார். அம்மாவுக்குக் கோயிலில் பொங்கல் வைக்கும் கடன் ஒன்று ஏறியது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தொட்டார்கள், வண்டி ஓடியது. நிரந்தரமாகக் கெட்டுப்போன வண்டி இப்படி யாரையும் ஏமாற்றுவதில்லை.

சாவி சுவிட்சும் தோற்ற பிறகுதான் அப்பா வேப்பமரத்தடிக்குப் போனார்.

அண்ணாச்சி வண்டியைத் தொடக்கூட இல்லை. "சுத்துதா, சுத்தலையா?" என்று கேட்டார். "சுத்தலை. டிக்குங்கு" என்றார் அப்பா. "அப்போ லைட்டு மங்குதா?" அப்பாவுக்குத் தெரியவில்லை. காலையில் வெளிச்சத்தில் யார் ஹெட்லைட்டைப் பார்த்தார்கள்? "சரி, வண்டிய எங்கிட்டக் கொண்டாராதீரும். இங்க வந்தா அது நல்ல பிள்ள ஆயிரும். ஒரு நோட்டு போடும். எடுக்காத அன்னைக்கு என்ன நேரம், எங்க நின்னுச்சு, சூடா, குளிரா, மழையா, கடைசியா யாரு எதுல கை வச்சாங்க, எல்லாம் எழுதும். எடுத்த அன்னைக்கும் எழுதும்."

"எடுத்த அன்னைக்கு என்னத்துக்கு?"

"காய்ச்சல் இல்லாத அன்னைக்கும் சூடு பாத்தாத்தான காய்ச்சல் எதுன்னு தெரியும்."

அப்பா எழுதுகிற ஆள் இல்லை. எழுதியது நான். 40 பக்க ரூல்டு நோட்டு, முன்னட்டையில் வாய்ப்பாடு அச்சடித்தது. ஒன்பதாம் வகுப்புக் கையெழுத்தில் 'எடுத்தது', 'எடுத்தது', 'எடுத்தது', 'டிக்' என்று பக்கம் பக்கமாக. பழைய செலவுச் சீட்டுகளையும் தேதி வாரியாக எடுத்து முன்பக்கத்தில் எழுதச் சொன்னார். ஒரு மாதம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீ ஆறும் வரை படித்தார்.

"தம்பி, பேட்டரி மாத்துனா ரெண்டு வாரம் ஓடுது. செல்ஃபக் கழத்துனா ரெண்டு வாரம். சோலினாய்டுக்கு மறுபடி செல்ஃபக் கழத்திருக்கான், ரெண்டு வாரம். சாவி சுவிட்ச மாத்துனப்போ மட்டும் மறுநாளே நின்னுட்டு. சுவிட்சு எங்க இருக்கு?"

"ஸ்டீரிங்குகிட்ட."

"மத்ததெல்லாம்?"

"பானட்டுக்குள்ள."

"ஆங். பானட்டுக்குள்ள கை போனா ஆடுற சாமான் ஏதோ ஒண்ணு இருக்கு. அதுக்கும் அவனுக கழத்துன சாமானுக்கும் சம்பந்தம் இல்ல. போற போக்குல இடிபட்டு, சரியாயி, மறுபடி விட்டுப்போவுது." நோட்டை மூடிக் கொடுத்தார். "அடுத்தவாட்டி டிக்குன்னா யாரும் தள்ளக் கூடாது. பானட்டத் தெறக்கக் கூடாது. உங்கம்மாவும்தான். நீ சைக்கிள எடுத்துக்கிட்டு நேரா வா."

ஒன்பது நாள் கழித்து விடியற்காலை ஐந்தரைக்கு அந்த 'டிக்' வந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்துக்குச் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். அப்பாவின் கை தானாகப் பானட்டுப் பக்கம் போக, அம்மா தடுத்தாள். நான் சைக்கிளை மிதித்தேன்.

அண்ணாச்சி பனியனோடு வந்தார். பையில் ஒரு முள் மீட்டர், இரண்டு வயர் வைத்த பல்பு, கட்டைவிரல் தடிமனில் ஒரு கேபிள். முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அப்பாவைச் சாவி திருப்பச் சொன்னார். இருட்டில் எதிர்ச்சுவரில் விழுந்த வெளிச்சம் அசையவே இல்லை. 'டிக்'. "மங்கலை பாத்தீரா? பேட்டரியிலருந்து கரண்டு வெளியவே போகலை. பேட்டரி செத்திருந்தா சுவரு இருட்டாயிருக்கும்." அடுத்து, பானட்டை முட்டையைத் தூக்குவதுபோல மெல்லத் தூக்கி, கம்பியை எங்கேயும் இடிக்காமல் மீட்டர் முனையைப் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தார். பன்னிரண்டரைக்கு மேல் காட்டியது. நல்ல பேட்டரி. பிறகு ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், இன்னொன்றை வெறும் இன்ஜின் இரும்பிலும் வைத்தார்.

"இது ரெண்டும் ஒரே எடம். எர்த்து. நடுவுல முள்ளு அசையக் கூடாது. திருப்பும்."

அப்பா திருப்பினார். முள் எழுந்து எட்டைத் தாண்டிப் போய் நின்றது.

எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்கும் புரியவில்லை. ஆனால் அண்ணாச்சி மூச்சை வெளியே விட்ட விதத்தில் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று மட்டும் தெரிந்தது. தடித்த கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜினிலும் கவ்வ வைத்தார். "இப்பத் திருப்பும்." வேன் தூக்கத்திலிருந்து அடித்து எழுப்பியதுபோல உறுமி எழுந்தது. அப்பா சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "அமத்தும்" என்றார். கேபிளைக் கழற்றினார். 'டிக்'. மாட்டினார். எடுத்தது. கழற்றினார். 'டிக்'. மாட்டினார். எடுத்தது. "இப்ப அது வாறதும் போறதும் நம்ம கையில" என்றார். மூன்றாவது தடவை மாட்டிக் காட்டிய பிறகுதான் பீடியைப் பற்றவைத்தார்.

இன்ஜின் வண்டியின் உடம்பில் நேராக உட்கார்ந்திருப்பதில்லை. அதிர்வு தெரியாமல் இருக்க ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாகக் கரண்டு போகாது. அதனால் பின்னிய செம்புப் பட்டை ஒன்று இன்ஜினையும் சேசிஸையும் இணைக்கும். செல்ஃப் இழுக்கிற கரண்டு மொத்தமும் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி அதுதான். எங்கள் வேனில் அந்தப் பட்டையின் ஒரு நுனி செல்ஃப் மாட்டுகிற அதே போல்ட்டில் இருந்தது. செல்ஃபைக் கழற்றினால் பட்டையும் ஆடும். மறுநுனி பேட்டரித் தட்டுக்குக் கீழே. பேட்டரியைத் தூக்கினால் உரசும். அம்மா பானட்டை ஓங்கிச் சாத்தினாலும் கொஞ்சம் அதிரும். ஆக, விபூதிக்கும் ஒரு பங்கு உண்டு.

சேசிஸ் பக்கத்துப் போல்ட்டை அண்ணாச்சி கழற்றினார். பட்டையின் காதுக்கு அடியில் வட்டமாக, பளபளவென்று, நீல பெயிண்ட்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எஃப்.சி.க்குப் போவதற்காக அப்பா வண்டிக்கு பெயிண்ட் அடித்தார். அடிக்கிறவர் பட்டையைக் கழற்றி, அடியிலும் நன்றாக அடித்துவிட்டு, காய்ந்ததும் மாட்டிவிட்டார். வேலையில் சுத்தம். கரண்டு அதுவரை போல்ட் மரையின் வழியாக எப்படியோ நெளிந்து போய்க்கொண்டிருந்தது. மரையில் துரு ஏற ஏற அதுவும் நெருக்கடியானது. செல்ஃப் வேலை செய்யவில்லை என்றால் செல்ஃபைப் பார்ப்பார்கள், பேட்டரியைப் பார்ப்பார்கள். பெயிண்ட் அடித்ததை யார் நினைப்பார்கள்?

அண்ணாச்சி நினைத்தார் என்று சொல்ல மாட்டேன். அவரும் கழற்றிப் பார்த்துத்தான் கண்டார். ஆனால் பார்த்ததும் அவர் கேட்ட கேள்வி வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. "ஆக்சிலேட்டர் கேபிளு எத்தன தடவ மாத்துனீரு?"

அப்பா முழித்தார். இரண்டு தடவை மாற்றியிருந்தார். கேபிள் இறுகிப்போய், மேலுறை உருகி ஒட்டிக்கொண்டு. மட்டமான சரக்கு என்று கடைக்காரரோடு சண்டைகூடப் போட்டிருக்கிறார். செல்ஃபின் கரண்டு, தன் வழி அடைத்துப்போனதால், இன்ஜினையும் உடம்பையும் தொட்டுக்கொண்டிருந்த அந்த மெல்லிய கம்பி வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது. அது சூடாகிப் பொசுங்கியிருக்கிறது. நாங்கள் இரண்டு கோளாறு என்று இரண்டு கடைக்கு அலைந்தது ஒரே கோளாறுக்கு.

பாலிடெக்னிக்கில் படிக்கும்போதுதான் அந்த முள் ஏன் எழுந்தது என்று கணக்காகப் புரிந்தது. வீட்டில் 60 வாட் குண்டு பல்பு கால் ஆம்பியர்தான் எடுக்கும். டீசல் வண்டியின் செல்ஃப் சுற்றும்போது 200, 300 ஆம்பியர் இழுக்கும். 0.02 ஓம் என்பது ஒன்றுமே இல்லாத தடை. அண்ணாச்சியின் டெஸ்ட் பல்பு அதன் வழியாகப் பளிச்சென்று எரியும். அதே 0.02 ஓம் 200 ஆம்பியருக்கு முன்னால் 4 வோல்ட்டைத் தின்றுவிடும். 12 வோல்ட்டில் 4 போனால் மிச்சத்தை வைத்து டீசல் இன்ஜின் எங்கே சுற்றும்? இதில் மீட்டரைச் சும்மா வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டும். சாவி திரும்பும் அந்த இரண்டு நொடியில் பார்க்க வேண்டும். கடன் கேட்கும்போதுதான் உறவு தெரியும் என்று அம்மா சொல்வது இதைத்தானோ என்று வகுப்பில் உட்கார்ந்து சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

அங்கேதான் சார்லஸ் கெட்டரிங் பெயரையும் கேள்விப்பட்டேன். கல்லாப்பெட்டி செய்கிற கம்பெனியில் வேலை பார்த்த அமெரிக்கர். கைப்பிடியைச் சுற்றாமல் கல்லாவைத் திறக்க ஒரு சின்ன மோட்டார் வைத்தவர். காருக்கு எலக்ட்ரிக் செல்ஃப் செய்ததும் அவர்தான். 1912 மாடல் காடிலாக் காரில் அது வந்தது. இன்ஜினைச் சுற்ற வேண்டுமானால் இன்ஜின் அளவுக்கே மோட்டார் வேண்டும் என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். கெட்டரிங்குக்குக் கல்லாப்பெட்டி சொல்லிக் கொடுத்திருந்தது: நாள் முழுக்க உழைக்கப் போவதில்லை, சில நொடிதானே, சின்ன மோட்டாரை அதன் சக்திக்கு மீறி முறுக்கலாம். செல்ஃபைப் பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதே என்பது அதனால்தான். அதற்கு முன்னால் எல்லாம் முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றுவதுதான். எங்கள் தெருவில் பழைய லாரி கிளீனர் தாத்தா ஒருவர் இருந்தார், வலது மணிக்கட்டு கோணல். ஹேண்டில் திருப்பி அடித்தது. "பெருவிரல மத்த விரலோட சேத்து வச்சுப் பிடிக்கணும்ல, சுத்திப் பிடிச்சா போச்சு" என்று வெறும் காற்றில் பிடித்துக் காட்டுவார்.

அன்றைக்கு அண்ணாச்சி பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரும்பு வெள்ளையாக வந்ததும் பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். பத்து நிமிஷ வேலை. அப்பா பணத்தை நீட்டினார். வாங்கவில்லை.

"நோட்டுல பழைய பெரிய இடைவெளி எம்புட்டுடா தம்பி?"

"பதினேழு நாள்."

"அதுல ரெண்டு மடங்கு போகட்டும். முப்பத்தி நாலு நாள். அதுக்குள்ள நின்னுச்சுன்னா நானும் பேட்டரிக் கடைக்காரனும் ஒண்ணுதான்."

முப்பத்தைந்தாம் நாள் சைக்கிளில் வந்தார். நோட்டை வாங்கிப் பார்த்தார். 'எடுத்தது' என்று வரிசையாக இருந்தது. இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். அப்பாவுக்கு அது தாங்கவில்லை. நாலாயிரம் தின்ற வியாதிக்கு இருபது ரூபாயா என்று அவருக்குக் கோபமே வந்தது. ஐம்பதாவது வாங்கிக்கொள்ளும்படி சண்டை பிடித்தார். அம்மா கடலை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றைப் பையில் போட்டுவிட்டாள்.

2009இல் அப்பாவுக்குத் திடீர் திடீரென்று தலை சுற்றியது. பாத்ரூமில் ஒரு தடவை விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் ஈ.சி.ஜி. நார்மல். மறுபடி வீட்டில் ஒரு தடவை. மறுபடி போனால் நார்மல். காது, கழுத்து எலும்பு, பித்தம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், மாத்திரை கொடுத்தார்கள், மாத்திரை சாப்பிட்டுச் சில வாரம் நன்றாகவும் இருந்தார். மூன்றாவதாகப் பார்த்த டாக்டர் அம்மா, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டிவிட்டார். ஹோல்டர் மானிட்டர். 24 மணி நேரம் இதயத் துடிப்பை எழுதிக்கொண்டே இருக்கும். நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. முதலில் செய்தது முதுகில் சுமக்கும் மூட்டை, முப்பது கிலோவுக்கு மேல். அப்பாவுக்குக் கட்டியது சோப்பு டப்பா அளவுதான்.

அதோடு ஒரு தாளையும் கொடுத்தார்கள். என்ன நேரம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன தோன்றியது என்று எழுத வேண்டும். அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏலே, இது அண்ணாச்சி நோட்டுல்லா."

நான்தான் எழுதினேன். இரவு இரண்டேகால் மணிக்கு, அப்பா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தபோது, இதயம் நாலு நொடிக்கு மேல் நின்று பிறகு துடித்திருந்தது. பேஸ்மேக்கர் வைத்தார்கள். உள்ளே பேட்டரி என்றதும் அப்பா, "எர்த்து எங்க குடுத்திருக்கீங்க?" என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் அம்மா அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். அப்பா ஜோக்காகக் கேட்கவில்லை.

என் கார் விஷயத்துக்கு வருகிறேன். சர்வீஸ் சென்டரிலிருந்து வந்த அன்றே ஒரு நோட்டு வாங்கினேன். சுத்துதா, சுத்தலையா? சுத்துது. நன்றாகவே சுத்துது, பிடிக்கவில்லை. ஆளு எந்திரிச்சிட்டான், சோறு எறங்கலை. காலையில் ஒரு நாளும் மக்கர் இல்லை. நெடுந்தூரம் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்துப் போட்டால்தான். ஒரு மணி நேரம் விட்டால் எடுத்துவிடும். சர்வீஸ் சென்டரில் காலை முழுக்க நிழலில் குளிர்ந்து நின்ற வண்டியை இருபது தடவை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இருநூறு தடவை போட்டாலும் எடுத்திருக்கும். தம்பியைக் குறை சொல்லி என்ன செய்ய, அவன் கணினியில் அதற்குக் கட்டம் இல்லை.

நாலாவது தடவை நின்றபோது ஒன்று கண்ணில் பட்டது. செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் ஆர்.பி.எம். முள் பூஜ்யத்திலிருந்து கொஞ்சம்கூட எழவில்லை. இன்ஜின் சுற்றுவது வண்டியின் மூளைக்குத் தெரியவே இல்லை என்று அர்த்தம். கிராங்க் ஷாஃப்ட் சுற்றுவதை எண்ணிச் சொல்கிற சென்சார் ஒன்று இருக்கிறது. உள்ளே மயிரிழைக் கம்பிச் சுருள். சூட்டில் விரிந்தால் எங்கேயோ விட்டுப்போகும், குளிர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். அது பேசாவிட்டால் மூளை பெட்ரோலும் கொடுக்காது, தீப்பொறியும் கொடுக்காது. நின்ற இன்ஜினுக்கு எதற்கு என்று இருந்துவிடும். அதனால்தான் எரர் எதுவும் பதிவாகவில்லை.

அடுத்த தடவை திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடை முன்னால் நின்றது. கூட ஒரு மெக்கானிக் தம்பி இருந்தார், வேண்டுமென்றேதான் கூட்டிப்போயிருந்தேன். அரை லிட்டர் தண்ணீரை அந்தச் சென்சார் மேல் மட்டும் மெதுவாக ஊற்றினார். ஆவி வந்தது. சாவியைத் திருப்பினேன், பிடித்துக்கொண்டது. அண்ணாச்சி மாதிரி மூன்று தடவை செய்து பார்க்க முடியவில்லை. மறுபடி சூடாக்க இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்து இன்னொரு தடவை செய்தோம், அதே மாதிரி நின்றது, அதே மாதிரி தண்ணீருக்கு எடுத்தது. சென்சாரை மாற்றிவிட்டோம்.

சரியாகிவிட்டதா என்று வீட்டில் கேட்கிறார்கள். நோட்டில் பழைய பெரிய இடைவெளி 23 நாள். இன்றைக்கு 44ஆவது நாள். மத்தியானம் வெயிலில் செங்கல்பட்டு வரை போய், நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்துப் போட்டேன். எடுத்தது. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.